ஒரு 121 கொரோலாவும் நான்கு சிவப்பு ஸ்பிரிங்குகளும்: மட்டக்களப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

வாகனம் டொயோட்டா கொரோலா 121. 1500 சிசி பெற்றோல் எஞ்சின், முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (அதிர்வைத் தணிக்கும் ஷொக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக நிற்கும் தூண்), பின்னால் டோர்ஷன் பீம் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் முறுகும் தண்டு), 185/70 அளவில் 14 அங்குல டயர். உரிமையாளர் ஆரையம்பதியில் வசிக்கும் இளம் ஆசிரியர்; வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறார். கல்லடியில் உள்ள எங்கள் கராஜுக்குக் காரைக் கொண்டுவந்து அவர் சொன்ன முறைப்பாடு இது: “ஷொக் நாலும் மாத்தி ஒரு மாசந்தான் அண்ணன். முந்தி இருந்ததவிட இப்ப கூடக் குதிக்குது. பாலத்துல ஏறி இறங்கக்குள்ள அடி இடிக்குது.”

காரைச் சுற்றி ஒருமுறை நடந்ததுமே தெரிந்தது, மாற்றப்பட்டது ஷொக் அல்ல. நான்கு சக்கரங்களிலும் சிவப்பு நிறம் பூசிய கட்டையான புது ஸ்பிரிங் ஏறியிருந்தது. அவற்றுக்குள் நின்றவை பழைய ஷொக்குகளே. முன் இரண்டிலும் ஒயில் கசிந்து, அதன்மேல் கிரவல் தூசி படிந்து, கறுப்புக் களியாகக் காய்ந்து கிடந்தது.

தேய்ந்த ஷொக்கின் மேல் தாழ்த்தும் ஸ்பிரிங் என்ற இந்தச் சேர்க்கையை மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கார்களிலும் அடிக்கடி காண்கிறேன். இந்தக் காரில் மாற்றத்துக்கு முன் இருந்த குறை, மாற்றத்தின்பின் சேர்ந்த குறை, திருத்தியபின் வந்த நிலை ஆகிய மூன்றையும் அளந்து பார்க்க வாய்த்தது. உரிமையாளர் கணித ஆசிரியர் என்பதால் ஒவ்வோர் அளவுக்கும் காரணம் கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கே விரித்து எழுதுகிறேன். எழுதலாம் என்று அவர் சம்மதம் தந்தார்.

எப்படி இங்கு வந்து சேர்ந்தது

கார் அவருடைய பெரியப்பாவுடையது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் இருந்த காரையே எல்லோரும் ஓட்டினார்கள். பாவித்த காரின் விலையும் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. பெரியப்பா விற்க, இந்த ஆசிரியத் தம்பி வாங்க, ஷொக் மட்டும் ஒருபோதும் மாறாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

குறை மெல்ல வந்திருக்கிறது. வேகத்தடை தாண்டியபின் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை எழுந்து விழும். பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். டயரில் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் மேடாகி, கையால் தடவினால் அலை அலையாகத் தெரியும். கிரவலில் போகும்போது ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். ஷொக் தேய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

இதைச் சரிசெய்ய அவர் வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறார். நான்கு ஷொக், அதற்கான ரப்பர்கள், டொப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்நுனியைப் பொடியோடு இணைக்கும் ரப்பர்த் தாங்கி) எல்லாம் சேர்த்த விலையைக் கேட்டுத் தயங்கி நின்றபோது, அங்கே ஒருவர் சொன்னாராம்: “ஆட்டம் வாறது ஸ்பிரிங் இளகினதாலதான். இந்த ஸ்பிரிங் இறுக்கம். போட்டா ஆட்டமும் நிண்டிரும், காரும் இறங்கி வடிவா இருக்கும்.” பாதி விலையில் வேலை முடிந்தது. பில்லில் ‘ஷொக் செட்’ என்று எழுதப்பட்டிருந்ததால் தம்பி ஷொக்கும் மாறிவிட்டதாகவே நம்பினார். யார் செய்தது என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. அங்கே சொல்லப்பட்ட காரணம் பிழை. அந்தப் பிழையைத்தான் பார்க்க வேண்டும்.

வந்த நிலை

சக்கரத்தின் நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தோம். முன் இடது 338 மில்லிமீட்டர், முன் வலது 341. அன்று சேவிஸுக்கு வந்து நின்ற, ஒன்றும் மாற்றப்படாத இன்னொரு 121 இல் அதே இடம் 378. ஆகவே முன்பக்கம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. பின்பக்கம் சற்றுக் குறைவு. டயரின் உயரத்தைப் பார்க்காமல் சக்கர நடுவில் இருந்து அளப்பதே சரி. டயர் தேய்வும் காற்றும் அந்த அளவில் கலக்காது.

முன் மூலையை உடம்பின் பாரத்தால் அழுத்தி விட்டபோது கார் எழுந்து, விழுந்து, திரும்ப எழுந்து, பிறகும் சிறிதாக ஆடியே நின்றது. நல்ல ஷொக் என்றால் ஒருமுறை எழுந்து தன் இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். இது முரட்டுச் சோதனைதான். இதில் தேறிய ஷொக்கெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. ஆனால் இதிலேயே தவறிய ஷொக் எந்த இடத்திலும் தேறாது.

காரை ஜெக்கில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டதும் இன்னொன்று வெளிப்பட்டது. முன் இடது ஸ்பிரிங் தன் தட்டில் இறுகி நிற்கவில்லை. கையால் பிடித்துச் சுழற்ற முடிந்தது. ஸ்பிரிங் கட்டை, ஷொக்குக்குள் போய்வரும் தண்டான ரொட்டோ பழைய நீளம். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங்குக்கு இடைவெளி கூடி அது தளர்ந்துவிடுகிறது. குழியில் சக்கரம் தொங்கி மீண்டும் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்கின் நுனி தட்டில் அதற்குரிய பள்ளத்தில் சரியாக வந்து அமர வேண்டும். அமராவிட்டால் ‘டக்’ என்ற சத்தம். ஒரு நாள் இடம் விலகி டயரில் உரசினால் விபத்து. தம்பி சொன்ன சத்தங்களில் ஒன்று இது. இந்த ஒரு காரணமே அந்த ஸ்பிரிங்குகளை அன்றே கழற்றப் போதும் என்று அவரிடம் சொன்னேன்.

ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பிரித்தபோது பம்ப் ஸ்டொப் (சக்கரம் முழுதாக ஏறும்போது கடைசி மோதலை வாங்கும் மெத்துக் கட்டை) இருந்த இடத்தில் மஞ்சள் துகள்கள் கொஞ்சம் மட்டும் கிடந்தன. தூசு மூடும் ரப்பர் உறை கிழிந்து கீழே சுருண்டிருந்தது. ரொட்டில் ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது: கோட்டுக்குக் கீழே பளபளப்பு, மேலே புள்ளி புள்ளியாகத் துரு. கார் தன் இயல்பான உயரத்தில் நின்ற காலம் முழுவதும் ரொட்டின் மேல்பகுதி வெளியே நின்று உப்புக் காற்றையும் தூசியையும் வாங்கியிருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று இந்தக் கரை முழுவதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரும்புக்கு ஓய்வே இல்லாத இடம். கார் 40 மில்லிமீட்டர் இறங்கியதும் அந்தத் துருப்பகுதி ஒயில் சீலுக்குள் (ஒயில் வெளியே வராமல் ரொட்டைச் சுற்றி இறுகும் வளையம்) ஓயாமல் போய்வரத் தொடங்கிவிட்டது. துருப் புள்ளி ஒவ்வொன்றும் சீலின் உதட்டை அரத்தைப் போல் சுரண்டும். மாற்றத்துக்கு முன் ஈரமாக மட்டும் இருந்த ஷொக் மாற்றத்தின்பின் ஒழுகத் தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

எலைன்மன்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்கள், பார்த்தோம். முன் இரு சக்கரங்களும் தலை உட்புறம் சாய்ந்து, கேம்பர் என்ற அந்தச் சாய்வுக் கோணம் இடதில் மறை (மைனஸ்) ஒரு பாகைக்கும் மேல். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை நோக்கும் திசை, வெளிப்பக்கம் விரிந்திருந்தது. டயரின் உள்விளிம்பு ஒரே மாதத்தில் கம்பி தெரியும் நிலைக்கு நெருங்கியிருந்தது. ஸ்பிரிங் மாற்றியபின் எலைன்மன்ட் செய்யவே இல்லை என்பது அந்த டயரில் இருந்தே தெரிந்தது.

ஸ்பிரிங் ஒரு வேலை, ஷொக் இன்னொரு வேலை

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது, அதிர்ச்சியை வாங்கிச் சேமிக்கிறது. சேமித்ததை அப்படியே திருப்பியும் தருகிறது. திருப்பித் தருவதை நிறுத்தும் சக்தி அதற்கு இல்லை. அந்தச் சக்தியை எடுத்து வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதே ஷொக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் ஒன்று, அதில் சிறிய வால்வுகள், சுற்றிலும் ஒயில். வாவித் தண்ணீருக்குள் கையை மெல்ல அசைத்தால் ஒன்றும் தெரியாது, வேகமாக வீசினால் தண்ணீர் கையைப் பிடித்து இழுக்கும். பிஸ்டனை ஒயில் பிடிப்பதும் அப்படித்தான். ஒயில் குறைந்து காற்றுப் புகுந்தால் நுரைக்கிறது. நுரைக்குப் பிடிக்கும் வலு கிடையாது.

“அப்ப ஸ்பிரிங் இறுக்கமாப் போட்டா ஆட்டம் குறையத்தானே வேணும்?” என்று தம்பி கேட்டார். இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

முதலில் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று தெரிய வேண்டும். சிவப்பு ஸ்பிரிங்கில் எந்த இலக்கமும் இல்லை. ஆனால் சுருள் ஸ்பிரிங்கை அளந்தே அதன் இறுக்கத்தைக் கணிக்கலாம்: அது கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும், சுருளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடும் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையோடும் குறையும். வேர்னியரால் அளந்தபோது பழைய ஸ்பிரிங்கின் கம்பி 12 மில்லிமீட்டர், சிவப்பு 13. சுருள் விட்டமும் வேலை செய்யும் சுற்றும் ஏறக்குறைய ஒன்று. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 13 ஐ 12 ஆல் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 1.38 வருகிறது. அதாவது 38 வீதம் கூடுதல் இறுக்கம். உருக்கின் வழமையான மாறிலியை இட்டுக் கணித்தால் பழையது மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனுக்குக் கொஞ்சம் மேல், சிவப்பு 28 நியூட்டன் அளவில் வருகிறது.

அடுத்தது ஆட்டத்தின் கணக்கு. முன் மூலை ஒன்றின் மேல் நிற்கும் பாரத்தை 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 நியூட்டன் ஸ்பிரிங்கில் அந்தப் பாரம் விநாடிக்கு 1.3 தடவை ஆடும் இயல்புடையது. 28 நியூட்டன் ஸ்பிரிங்கில் 1.5 தடவைக்கு மேல். ஆட்டம் வேகமாகிறது. அந்த ஆட்டத்தை ஷொக் எவ்வளவு விரைவாக அடக்குகிறது என்பதைத் தணிப்பு விகிதம் என்ற ஓர் எண்ணால் சொல்வார்கள். சாதாரண கார்களில் அது 0.2 இல் இருந்து 0.4 வரை இருக்கும். 0.3 என்று எடுத்தால், ஒரு முழு ஆட்டம் முடியும்போது முதல் வீச்சில் 14 வீதம்தான் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாது, கார் அமர்ந்துவிட்டது என்போம்.

ஷொக் தேய்ந்து அதன் பிடி பாதியாகிவிட்டது என்று வைப்போம். பழைய ஸ்பிரிங்கோடு விகிதம் 0.15. ஒரு ஆட்டத்தின்பின் 39 வீதம் மிஞ்சும். இது தம்பியின் கார் முதலில் இருந்த நிலை. இப்போது அதே தேய்ந்த ஷொக்கில் இறுக்கமான ஸ்பிரிங்கைப் போடுங்கள். விகிதம் ஸ்பிரிங் இறுக்கம் கூடிய மடங்கின் வர்க்கமூலத்தால் வகுபடுகிறது, 0.13 க்கு இறங்குகிறது. ஒரு ஆட்டத்தின்பின் 45 வீதம் மிஞ்சுகிறது, இரண்டாவதின்பின் 20 வீதம். தாளைத் திருப்பித் தன் பக்கம் வைத்து, அவரே ஒரு தடவை கணித்துப் பார்த்தார். “கூடக் குதிக்குதுன்னு எனக்கு மனப்பிரமை இல்ல அப்ப” என்றார். இல்லைதான். இறுக்கமான ஸ்பிரிங்குக்கு இன்னும் வலுவான ஷொக் வேண்டும். இருந்த வலுவும் போன ஷொக்கில் அதைப் போட்டால் குறை பெருகும்.

இதற்குமேல் பயணத் தூரம். கழற்றிய ஸ்ட்ரட்டில் அளந்தபோது, இயல்பான உயரத்தில் பம்ப் ஸ்டொப்பைத் தொட 6 சென்டிமீட்டர் அளவு இருக்க வேண்டிய இடத்தில் இப்போது 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் மிச்சம். அந்த பம்ப் ஸ்டொப்பும் இல்லை. ஆகவே சக்கரம் கொஞ்சம் பலமாக ஏறினால் இரும்பில் இரும்பு மோதுகிறது. பாலத்தில் கேட்ட ‘இடி’ அதுதான். அந்த மோதலை டொப் மவுண்ட் வாங்கும், பிறகு ஸ்ட்ரட் டவர், பிறகு பொடி. காரைத் தாழ்த்திய பலர் சில வருடங்களில் டொப் மவுண்ட் கிழிந்த காரோடு வருவதன் காரணமும் அதுவே.

எங்கள் வீதியில் அந்த நாலு சென்டிமீட்டர்

மட்டக்களப்பில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை போகும் ஏ4 வீதி காப்பட் வீதி. அதில் மட்டும் ஓடும் காருக்கு உயரம் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய கேடு இல்லை. இந்தத் தம்பியின் பாதை அதுவல்ல. ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலம் ஏறி வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளே போக வேண்டும். 2014 இல் அந்தப் பாலம் திறக்கும் வரை வாவியைப் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏற்றித்தான் கடந்தோம். பாலம் வந்தது படுவான்கரைக்குப் பெரும் விடிவு. ஆனால் பிரதான வீதியை விட்டு இறங்கினால் இன்னும் கிரவல்தான். நெல் ஏற்றிய உழவு இயந்திரமும் மணல் டிப்பரும் ஓடி ஓடிக் கிரவல் குறுக்கே நெளி நெளியாகப் படிந்திருக்கும். அந்த நெளிவில் சக்கரம் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கும். ஷொக் பிடிக்காவிட்டால் டயர் நிலத்தைத் தொடும் நேரமே குறைந்துவிடும். அந்த நேரம் பிரேக் பிடித்தால் எதைப் பிடிக்கும்? பாடசாலை விடும் நேரம் பிள்ளைகள் சைக்கிளில் வீதி முழுக்க நிற்கும் இடம் அது. ஷொக் சொகுசுச் சாமான் என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மாரியில் கதை இன்னும் கடினம். எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. வெள்ளம் வடிந்தபின் மதகு ஓரங்களில் மண் கரைந்து பள்ளம் விழும். கொங்கிரீட் வீதி முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். அங்கே நாலு சென்டிமீட்டர் என்பது எஞ்சின் அடியில் உள்ள ஒயில் சம்பும் சைலென்சரும் தப்புவதா தட்டுவதா என்று தீர்மானிக்கும் அளவு.

பாரத்தையும் மறக்கக் கூடாது. குடும்பத்தோடு மண்டூர்க் கோயிலுக்கோ மாமாங்கக் கோயிலுக்கோ போனால் ஐந்து பேர், சாமான், திரும்பி வரும்போது வயலில் இருந்து ஒரு மூட்டை அரிசி. பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு நிமிரும். தாழ்த்திய பின்பக்க ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த கொஞ்ச இடமும் அதோடு முடிந்துவிடும். இரவில் முன் விளக்கு எதிரே வருபவர் கண்ணுக்கு நேராக அடிக்கும்.

என்ன செய்தோம்

மூன்று வழிகளை அவர் முன் வைத்தேன். சிவப்பு ஸ்பிரிங்கை விட்டுவிட்டுப் புது ஷொக் மட்டும் போடுவது முதலாவது. ஸ்பிரிங் தளர்வதும் பயணத் தூரம் இல்லாததும் அப்படியே இருக்கும் என்பதால் அதைச் செய்ய நான் தயாராக இல்லை. இரண்டாவது, நல்ல தயாரிப்பாளரின் குறைந்த இறக்கமுள்ள ஸ்பிரிங்கும் அதற்கென்றே செய்த ஷொக்கும் ஒன்றாகப் போடுவது. செலவு கூட, அவருடைய பாதைக்கும் பொருந்தாது. மூன்றாவது, பழைய ஸ்பிரிங், கம்பனி அளவில் புது ஷொக். கார் இறங்கி நிற்கும் அழகு அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் மூன்றாவதைத் தேர்ந்தார்.

பழைய ஸ்பிரிங்குகளை டிக்கியில் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போனது. முன் இரண்டும் சம உயரம், வெடிப்பு இல்லை. கீழ்ச் சுற்றில் உப்புத் துரு மட்டும். கம்பித் தூரிகையால் உரஞ்சிப் பெயின்ட் அடித்தோம். பின் இரண்டில் இடது தெளிவாக அமிழ்ந்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் கார் சாயும் என்பதால் பின் இரண்டையும் புதிதாக எடுத்தோம். சுற்றுகளுக்கு இடையில் ரப்பர்த் துண்டு செருகி உயர்த்தும் வழி சிலருக்கு மலிவாகப் படும். ரப்பர் பிடித்த சுற்று வேலை செய்யாது, மற்றச் சுற்றுகள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும், ரப்பரின் விளிம்பிலேயே ஸ்பிரிங் வெடிக்கும். நாங்கள் அதைச் செய்வதில்லை.

ஷொக் நான்கும் வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் வகை. கூடவே பம்ப் ஸ்டொப், தூசு உறை, முன் டொப் மவுண்ட், அதன் பேரிங், ஸ்பிரிங்கின் கீழ் ரப்பர். இந்தச் சில்லறைச் சாமான்களை ‘பழசு காணும்’ என்று விடுவதுதான் புது ஷொக்கைச் சீக்கிரம் கொல்கிறது. கிழிந்த உறைக்குள் போன கிரவல் தூசி புதுச் சீலையும் பழசாக்கும்.

பூட்டும்போது மூன்று விஷயங்களில் எங்கள் பெடியன்களை நான் விடுவதே இல்லை. பெட்டியில் படுத்துக் கிடந்து வந்த ஷொக்கை நேராக நிறுத்தி, சில தடவை முழுதாக அழுத்தி இழுத்து, உள்ளே சேர்ந்த காற்றை மேலே விட வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது ரொட் சுழன்றால் அதைப் பிளையரால் பிடிக்கக் கூடாது. அந்தப் பல் பதிந்த ஒரு கீறல் போதும், சீல் மாதக் கணக்கில்கூடத் தாங்காது. ரப்பர் புஷ் உள்ள போல்டுகளைத் தளர்த்தியிருந்தால், கடைசி இறுக்கம் காரின் பாரம் சக்கரத்தில் நிற்கும்போதுதான். தொங்கிய நிலையில் இறுக்கினால் கார் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று கிழியும். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: அமுங்கிய ஸ்பிரிங்கில் ஆளைக் கொல்லப் போதுமான சக்தி இருக்கிறது. இரண்டு கொக்கியும் எதிரெதிரே, சமமாக, முகத்தை அதன் நேருக்குக் கொண்டுபோகாமல் வேலை செய்ய வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கார் சில நாட்கள் ஓடி ஸ்பிரிங் அமர்ந்தபின் எலைன்மன்ட். கேம்பர் பழைய இடத்துக்கு அநேகமாகத் தானே வந்திருந்தது. இடது பக்கம் கொஞ்சம் மிஞ்சியதை, ஸ்ட்ரட்டின் அடியில் உள்ள இரண்டு போல்டுகளில் ஒன்றை டொயோட்டா இதற்கென்றே தரும் மெல்லிய போல்டாக மாற்றிச் சரிசெய்தோம். டோவையும் சரிசெய்தோம். முன் டயர் இரண்டும் குப்பைக்குப் போயின. அலையாகத் தேய்ந்த பின் டயர்கள் இன்னும் ஓடலாம், ஆனால் அவற்றின் இரைச்சல் ஷொக் மாற்றியதால் போகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சொல்லாவிட்டால் ‘ஷொக் சரியில்லை’ என்று திரும்பி வருவார்கள்.

தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு

கார் கொஞ்சம் இறங்கி நிற்பதில் ஓர் அழகு உண்டு. அந்த ஆசையை நான் மறுப்பதில்லை. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் திருப்பத்தில் சாய்வும் குறையும். ஆனால் மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கை (லோவர் ஆர்ம்) மேல்நோக்கிச் சாயும் அளவுக்கு இறக்கினால், திருப்பத்தில் கார் சாயும்போது சுழலும் புள்ளியான உருளும் மையம் ஈர்ப்பு மையத்தைவிடக் கூட இறங்கிவிடும். இறுக்கமான ஸ்பிரிங்கால் கிடைத்ததில் ஒரு பங்கு அங்கே திரும்பிப் போகிறது. ஆகவே இறக்கம் 20, 25 மில்லிமீட்டருக்குள் நிற்பது நல்லது. ஐபாக், டெயின் போன்ற பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் எந்த வாகனக் குறியீட்டுக்கு, முன் எத்தனை, பின் எத்தனை மில்லிமீட்டர் இறக்கம் என்று எழுதித் தருகிறார்கள். எழுத்தே இல்லாத ஸ்பிரிங்கை வாங்க வேண்டாம். ஷொக் முதலில், ஸ்பிரிங் அதற்குப் பிறகு. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டில் இறுகி நிற்கிறதா என்று ஜெக்கில் தூக்கிப் பார்க்காமல் காரை வெளியே எடுக்கவும் வேண்டாம்.

இருக்கும் ஸ்பிரிங்கைக் கிரைண்டரால் வெட்டுவதும் கேஸ் விளக்கால் சூடாக்கி அமிழ்த்துவதும் இன்னும் நடக்கின்றன. வெட்டினால் சுற்றுக் குறைந்து இறுக்கம் கூடும், நுனி தட்டில் அமராது. சூடாக்கினால் உருக்கின் பதம் போய்விடும். அதன்பின் அது எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் செய்யச் சொல்லி வருபவரை நான் திருப்பி அனுப்புகிறேன்.

பிறகு

முன் மூலையை அழுத்தி விட்டால் கார் இப்போது ஒருமுறை எழுந்து நிற்கிறது. சக்கர நடுவில் இருந்து மட்கார்ட் வரை முன் இரு பக்கமும் 375 க்கு மேல். மண்முனைப் பாலத்தின் இறக்கத்தில் சத்தம் இல்லை. ஐந்து பேரோடு மண்டூர் போய்வந்ததாகவும் ஒரு இடத்திலும் அடி தட்டவில்லை என்றும் தம்பி சொன்னார்.

சிவப்பு ஸ்பிரிங்கை விற்கலாமா என்று கேட்டார். அது எந்தக் காருக்கு, எவ்வளவு பாரத்துக்குச் செய்தது என்று அதில் எங்கும் எழுதியில்லை. வாங்குபவரும் இதே இடத்தில்தான் வந்து நிற்பார் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

மாரி முடிந்து சேவிஸுக்கு வந்தபோது பின் வலதில் மெல்லிய தட்டுச் சத்தம் இருந்தது. பின் ஷொக்கின் மேல் ரப்பர். பழசு காணும் என்று நினைத்து, அன்று அதை மாற்றாமல் விடும்படி அவர் கேட்டிருந்தார். இரண்டு பக்கமும் புதிது போட்டோம். ரொட்டுகள் காய்ந்து சுத்தமாக இருந்தன, உறைக்குள் தூசி இல்லை, புது முன் டயர்கள் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒன்றாகத் தேய்ந்திருந்தன. அடுத்த எலைன்மன்ட் பார்வையை ஒக்டோபர் மழைக்கு முன் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.